மூணு பேர் விரதம்

சாப்பாட்டை வேண்டாம் என்று தள்ளுகிற ஆம்பளையைப் பஞ்சாலை ஒருநாளும் நம்பியதில்லை. லாபுவிலிருந்து ஆறு மைல்கட்டை உள்ளே தள்ளியிருந்த அந்த ரப்பர்த் தோட்டத்துப் பங்களாக் குசினியில் ஒன்பது வருசம் எச்சில் தட்டு கழுவியவள் அவள். வெள்ளைக்காரத் துரை காலையில் முட்டையை மிச்சம் வைத்துவிட்டு எழுந்தால் அன்றைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் யாருக்கோ வேலை போகும். வழித்துத் தின்றுவிட்டுப் போனால் அன்றைக்கு வேலை வாங்குகிற மண்டோர்கள்கூடச் சிரித்துப் பேசுவார்கள். தட்டு திரும்பி வருகிற லட்சணத்தை வைத்தே அவள் ஆளைப் படித்துவிடுவாள்.

அந்தத் துரை காரில் ஏறி சிங்கப்பூர்ப் பக்கம் ஓடினான். அவனுக்குப் பின்னால், சமையல் பார்த்த சீனக் கோக்கியும் காணாமல் போனான். பங்களா கொஞ்ச காலம் பூட்டிக் கிடந்தது. பிறகு ஜப்பான்காரர்கள் வந்து போனார்கள். சத்தம் போட்டுக் குடித்தார்கள், தோட்டத்து ஆடுகளைப் பிடித்து வெட்டச் சொன்னார்கள். அவர்கள் எல்லாம் பஞ்சாலைக்குப் புரிகிற ஆட்கள். அந்தக் கூட்டத்தை மாற்றிவிட்டு மொரிதா என்கிற ஒருத்தனைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள அனுப்பினார்கள். அவனைத்தான் அவளுக்குப் புரியவில்லை.

ஐம்பது வயசிருக்கும். மொட்டைத் தலை. மெத்தைக் கட்டிலை மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு வெறும் பாயில் படுத்தான். துரை அமுங்கிக் குளிக்கிற வெள்ளைத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைத்துக்கொண்டு, வெளியே கல்லில் உட்கார்ந்து வாளியில் மொண்டு ஊற்றிக்கொண்டான். மண்ணெண்ணெயில் ஓடுகிற ஐஸ் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பாட்டுப் பெட்டி மூலையில் தூசி படிந்து கிடந்தது. விடிகாலையில் சுவரைப் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தால், வெயில் ஜன்னல் ஏறுகிறவரை அசைய மாட்டான். சாப்பாடு என்றால் ஒரு கிண்ணம் குழைந்த சோறு, உப்பில் ஊறிய முள்ளங்கி நாலு துண்டு. அதுவும் காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம். தின்று முடித்ததும் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி, விரலால் சுற்றித் துடைத்து, அந்தத் தண்ணீரையும் குடித்துவிடுவான். கழுவ எடுத்தால் கிண்ணத்தில் ஒரு பருக்கை இருக்காது.

தட்டைப் பார்த்து ஆளைப் படிக்கிறவளுக்கு எழுத்தே இல்லாத தட்டு.

“கோயில்ல வளந்த ஆளாம்,” என்றார் தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி இராஜமாணிக்கம். அவருக்கு இங்கிலீஷும் கொஞ்சம் ஜப்பான் பாசையும் வரும் என்பதால் மொரிதாவின் கதை அவர் வழியாகத்தான் கூலிகள் குடியிருந்த லயத்துக்கு வந்தது. “நம்ம பக்கத்துச் சாமியார் மாதிரி. புத்த சாமி. அப்புறம்தான் ரப்பர் படிப்பு படிச்சிருக்காரு. வெள்ளக்காரன் சொகத்துக்குப் பழகித்தான் கெட்டானாம், நாம எல்லாம் கொறச்சுச் சாப்பிட்டா ஒடம்புல பலம் ஏறுமாம். பெரட்டுல சொல்லச் சொன்னாரு, சொல்லிட்டேன்.”

சொன்ன கிராணிக்கு இடுப்பு வேட்டி நிற்காத தொந்தி. கேட்டவர்கள் முழங்கால் எலும்பு துருத்த நின்றார்கள். அரிசி ஆளுக்கு இத்தனை சுண்டு என்று குறைந்து, அதுவும் பாதி குருணையாகி, மிச்ச வயிற்றை மரவள்ளிக் கிழங்குதான் நிரப்பியது. பால்மரத்தை வெட்டி எறிந்த காட்டில் இப்போது கிழங்குதான் நட்டார்கள். உப்புக்குக்கூட போர்ட்டிக்சன் பக்கம் யாராவது நடந்து போய்க் கடல் தண்ணீர் காய்ச்சிக்கொண்டு வர வேண்டியிருந்தது.

“கொறச்சுச் சாப்பிடறதுக்கு இவன் எதுக்கு வந்து சொல்லித் தரணும்?” என்றாள் பக்கத்து வீட்டு ராக்கம்மா. நாலு பிள்ளைக்காரி. “அவன் எங்கியாச்சும் ஒளிச்சு வச்சுத் திம்பான் பாரு. ஒனக்குத் தெரியாமயா இருக்கும்?”

“அதத்தான் நானும் தேடிக்கிட்டு இருக்கேன்,” என்றாள் பஞ்சாலை.

தேடத்தான் செய்தாள். வாரம் ஒரு தரம் வருகிற அரிசியை அளந்து வைத்து, கரைகிற கணக்கைப் பார்த்தாள். குப்பைக் குழியைக் கிளறினாள். போர்வையை மடித்து வைத்திருக்கும் இடத்தில் ஒரு தகரப் பெட்டி பூட்டிக் கிடந்தது. அதில்தான் சங்கதி இருக்கிறது என்று அவளுக்கு நிச்சயம். மிட்டாயோ டின் மீனோ, குனிந்து மோந்துகூடப் பார்த்தாள். கற்பூர வாசனை மட்டும் வந்தது.

அது ஜப்பான்காரன் வந்த பிறகு இரண்டாவது பங்குனி. அந்த மாசத்தில் அவளைச் சுற்றி மூன்று ஆம்பளைகள் சோற்றைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது ஆள் சந்தியாகு. பங்களாவுக்குத் தண்ணீர் சுமந்து விறகு பிளக்கிறவர். நாற்பத்தைந்து வயசு. மனைவி அந்தோனியம்மாள் மலேரியாவில் போய் ஏழு வருசம் ஆகிறது, பிள்ளை இல்லை. லயத்தின் கடைசி அறையில் ஒண்டியாக இருந்தார். வேதக்காரர்களுக்கு அது தவசு காலம். சாம்பல் புதனிலிருந்து பாஸ்கா வரைக்கும் ஒருசந்தி என்று பகலில் ஒரே வேளைதான் வாயில் வைப்பார்.

“இருக்கறதே ஒருவேளைச் சோறு. அதுல ஒருசந்தி என்னாண்ணே ஒருசந்தி?” என்று கேட்டாள்.

கோடாலியை நட்டு வைத்துவிட்டுச் சிரித்தார். “எனக்கும் அந்தச் சந்தேகம்தான் தங்கச்சி. தோட்டமே பட்டினி கெடக்குறப்ப இவன் நோன்பா பட்டினியான்னு சாமிக்கு எப்பிடித் தெரியும்? அதுக்குத்தான் கெடைக்கிற கெழங்குல பாதிய ராக்கம்மா புள்ளைங்களுக்குக் குடுத்துர்றது. அது கணக்குல வந்துரும்ல.”

“குடுக்கறத நான் பாத்ததில்லயே.”

“நீ பாக்கணும்னு குடுக்கல.”

அதையும் அவள் ராக்கம்மாவிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் விட்டாள்.

மூன்றாவது ஆள் அவள் புருசன் மணியம். மாரியம்மன் தீமிதிக்குக் காப்புக் கட்டிவிட்டான். மஞ்சள் துணி, ஒருவேளைச் சாப்பாடு, வீட்டுப் படி ஏறுவதில்லை, கோயிலிலேயே படுக்கை. கல்யாணமான எட்டு வருசத்தில் ஒரு வெள்ளிக்கிழமை விரதம் இருந்திராதவன்.

கிழங்குக் காட்டில் அவன் கொத்திக்கொண்டிருந்த இடத்துக்கே கஞ்சி கொண்டு போய் வைத்துவிட்டு, மண்வெட்டிப் பிடியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “என்னாங்க, இந்த வருசம் மட்டும் ஆத்தா மேல இவ்ளோ பக்தி?”

“வேண்டுதல்.”

“என்னா வேண்டுதல்? எனக்குத் தெரியாம?”

மணியம் சுற்றுமுற்றும் பார்த்தான். மத்தியான வெயிலில் கிழங்கு இலைகள் துவண்டு கிடந்தன. “சயாமுக்கு ஆள் பிடிக்கிறாய்ங்க புள்ள. நீலாய் பக்கத்துத் தோட்டத்துல முப்பது பேர ஏத்திட்டாய்ங்களாம். ரயில் ரோடு போடறோம், மூணு மாசத்துல திருப்பி விட்றோம்ங்கிறான். போனவன் ஒருத்தன் கடுதாசி போடல. லயத்துக்குள்ள வந்துதான் தூக்குறானாம். காப்புக் கட்டிக் கோயில்ல கெடந்தா தொட மாட்டாங்கன்னு மண்டோரு சொன்னாரு.”

“அப்ப ஆத்தாவுக்காக இல்ல.”

“ஆத்தாவுக்காகவுந்தான்,” என்றான் கோபமாக. “ரெண்டும்தான்.”

அவள் பிடியை விட்டாள். பொய் சொல்லாமல் ஒத்துக்கொண்டது அவளுக்குப் பிடித்திருந்தது.

அந்த வாரம் ஒருநாள் மழை பெய்து ஓய்ந்தது. ஈரத்தில் கிளம்பிய எறும்புகள் குளியல் தொட்டியில் விழுந்து மிதந்தன. துடைப்பத்தோடு போன பஞ்சாலை கதவருகே நின்றுவிட்டாள். மொரிதா தொட்டியோரம் குந்தி உட்கார்ந்து ஒரு பால்மர இலையால் எறும்புகளை ஒவ்வொன்றாக ஏந்தி ஜன்னல் கட்டையில் விட்டுக்கொண்டிருந்தான். யாரும் பார்க்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது. கால் மணி நேரம் இருக்கும். கடைசி எறும்பையும் எடுத்துவிட்டுத்தான் எழுந்தான்.

வேசம் போடுகிறவன் ஆள் இல்லாத இடத்தில் ஏன் போட வேண்டும்? அவளுக்குள் இறுகிக் கிடந்த சந்தேகம் அன்றைக்குத்தான் முதல் தரமாக ஒரு சுற்று தளர்ந்தது.

நாலு நாள் கழித்துப் பட்டியல் வந்தது. தோட்டத்துக்கு இருபத்துநாலு ஆள். கிராணி எழுதினார், மொரிதா கையெழுத்துப் போட வேண்டும். பதினேழாவது பேர் மணியம். மாரியம்மன் கோயிலுக்கெல்லாம் விலக்கு இல்லையாம். மண்டோர் வந்து சொன்னபோது மணியம் கோயில் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

பஞ்சாலை கைக்குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பங்களா மேடு ஏறினாள். பெரியவள் செல்லம் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தாள். இத்தனை நாளும் இவன் கள்ளனோ என்று தேடியவள், வழிநெடுக இவன் நிசமான சாமியாராக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே போனாள். எறும்புக்கு இரங்கியவன் பிள்ளைக்காரனுக்கு இரங்க மாட்டானா?

மொரிதா சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தான். முன்னால் கிண்ணத்தில் ஆவி பறக்கிற சோறு, அவள் வடித்து வைத்தது. அவள் குழந்தையோடு தரையில் விழுந்தாள். சந்தையில் பழகிய பாசார் மலாயில் கொட்டினாள். என் புருசன், ரெண்டு பிள்ளை, சின்னதுக்கு இன்னும் பல்லு முளைக்கவில்லை, துவான், ஐயா, அவர் பேர் மேலே ஒரு கோடு போட்டால் போதும்.

அவன் கடைசிவரை கேட்டான். கோபப்படவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. எழுந்து போய் அந்தத் தகரப் பெட்டியைக் கொண்டுவந்து அவள் முன்னாலேயே திறந்தான். உள்ளே நாலைந்து கடுதாசி, கற்பூரக் கட்டி, சிப்பாய்த் தொப்பி போட்ட ஒரு பையனின் படம். பையனுக்கு இருபது வயசு இருந்தால் அதிகம்.

“சாயா பூஞா அனாக்,” என்றான். என் மகன். விரலைக் கடல் இருக்கிற திசைக்குக் காட்டி, கையைக் கவிழ்த்து அமுக்கினான். தண்ணீருக்குள் போய்விட்டான். “நானே அனுப்பினேன். அழவில்லை. உன் புருசன் போகிறான். நாளை நான் போவேன். வருவது, போவது, செமுவா சாமா.” எல்லாம் ஒன்றுதான்.

“ஒண்ணு இல்லீங்க துவான்,” என்றாள் அவள் தமிழில். “ஒண்ணே இல்ல.”

அவனுக்கு அது புரியவில்லை. படத்தைப் பெட்டியில் வைத்து மூடினான். பிறகு தன் சோற்றுக் கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்து அவள் பக்கம் நகர்த்தி வைத்தான். செல்லத்தைப் பார்த்துச் சாப்பிடு என்று தலையசைத்தான்.

செல்லம் அம்மாவைப் பார்க்கவில்லை. கிண்ணத்தைப் பார்த்தாள். பஞ்சாலைக்கு அதைத் தூக்கிச் சுவரில் அடிக்கத் தோன்றியது. அடிக்கவில்லை. வெள்ளைச் சோறு. முந்தானையில் கொட்டி முடிந்துகொண்டு, கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டுக் குசினிக்குப் போனாள். அன்று முழுக்க அவன் வேறொன்றும் வாயில் போடவில்லை. சாயங்காலம் வரை அங்கேயே சுற்றி அதையும் அவள் பார்த்துக்கொண்டாள். சாயங்காலம் விளக்கு ஏற்றுவதற்கு முன்னால் பட்டியலைக் கேட்டு வாங்கி, அலுங்காமல் கையெழுத்துப் போட்டான்.

“அவன் நெசமாவே சாமியாருதாண்ணே,” என்று குசினிக்குப் பின்னால் நின்று சந்தியாகுவிடம் சொன்னாள். “பொய்யனா இருந்திருக்கக் கூடாதா? களவாண்டு திங்கிறவனா இருந்திருந்தா எதையாச்சும் குடுத்துப் பேசியிருப்பேனே.”

சந்தியாகு பிளந்த விறகை அடுக்கிக்கொண்டே இருந்தார். “திங்கிறவரு ஒருத்தரு கீழ இருக்காரே,” என்றார். “அவருகிட்டப் போய்ப் பாரு.”

கிராணியைக் கைகாட்டிவிட்டதும் சந்தியாகுதான்.

பஞ்சாலையிடம் ஒரு சேவல் இருந்தது. செல்லத்துக்குக் காய்ச்சல் வந்தபோது முனியாண்டிக்கு நேர்ந்துவிட்டது. லயத்தில் மிச்சமிருந்த கடைசி இரண்டு மூன்று கோழிகளில் அது ஒன்று. மறுநாள் மத்தியானம் அதைச் சாக்கில் சுற்றிப் பங்களாக் குசினிக்கே கொண்டுபோய் அறுத்தாள். காப்புக் கட்டிய வீட்டுக்காரி கறி சமைக்கிறாள் என்று லயத்தில் தெரிந்தால் முகத்தில் முழிக்க மாட்டார்கள். மொரிதா கிழங்குக் காட்டைச் சுற்றப் போயிருந்தான். அடுப்புக்குச் சந்தியாகுதான் நல்ல காய்ந்த விறகாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தார். மேட்டுப் பாதையில் நின்று யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டார். மிளகும் தேங்காயும் அரைத்து ஊற்றிக் கொதி வந்தபோது வாசனை மேடு முழுக்க எழுந்தது. அவர் தொண்டை ஏறி இறங்குவதை அவள் பார்த்தாள்.

“ஒரு துண்டு எடுத்துக்கங்கண்ணே.”

“தவசு காலத்துல கறியா? போ போ, ஆறிடப் போவுது.”

கிராணி வீட்டில் அவர் மட்டும் இருந்தார். சம்சாரம் சிரம்பானில் தாய்வீட்டில். சட்டியை மூடியிருந்த வாழையிலையை விலக்கியதும் அவர் முகமே மாறிவிட்டது. ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்து தின்றார். எலும்பை உறிஞ்சினார், விரலை நக்கினார், கண்ணில் தண்ணீர் வந்தது. பஞ்சாலை நிலைப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குடும்பத்தில் யாரும் கறி கண்டு ஐந்து மாசம் ஆகியிருந்தது.

“மணியத்துக்காகத்தானே?” என்றார் கடைசியில், கை கழுவிக்கொண்டே.

“ஐயா மனசு வச்சா…”

“மனசு எனக்கு இருக்கு பஞ்சாலை. எனக்கு மட்டும் இவனுங்கள ஏத்தி அனுப்ப ஆசையா? ஆனா இருவத்தி நாலுன்னா இருவத்தி நாலு. ஜப்பான்காரன் நிக்க வச்சு எண்ணுவான். கொறஞ்சா என்னைய ஏத்துவான். பேர மாத்தி வேற தாள் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கலாம், மொரிதா படிக்கிறது இல்ல. ஒரு பேர எடுத்தா ஒரு பேர வைக்கணும்.” ஈர்க்குச்சியால் பல்லைக் குத்திக்கொண்டு யோசித்தார். “ராக்கம்மா புருசன் இருக்கான். நாலு புள்ள. அர்ச்சுனன் இருக்கான், ஆயிக்கு ஒரே பையன். அப்புறம் சந்தியாகு.” குச்சியை எறிந்தார். “சந்தியாகுக்கு யாரு இருக்கா?”

வெளியே ஒரு மரங்கொத்தி தட்டிக்கொண்டிருந்தது. அவர் பதிலுக்குக் காத்திருந்தார்.

“யாருமில்லீங்க,” என்றாள் பஞ்சாலை.

அவ்வளவுதான் அவள் சொன்னது. சட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

வியாழக்கிழமை பெரட்டு மைதானத்தில் இரண்டு லாரி நின்றது. பெயர் வாசிக்க வாசிக்க ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு ஓலம் எழுந்தது. பதினேழாவதாகச் சந்தியாகுவின் பெயரை வாசித்தபோது மட்டும் எந்தப் பக்கமும் சத்தமில்லை. அவரே ஒருகணம் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல் திரும்பிப் பார்த்தார். பிறகு போய் அறையிலிருந்து ஒரு துணி மூட்டையும் ஜெபமாலையும் எடுத்து வந்தார். பஞ்சாலை நின்ற இடத்தைத் தாண்டும்போது நின்றார்.

“விறகு நாலு நாளைக்கு வரும். அதுக்குள்ள வேற ஆளச் சொல்லிக்க.”

“அண்ணே…”

“மூணு மாசம்தானாம்லா,” என்றார்.

லாரியில் காலை வைத்து ஏறும்போது கிராணி அவர் தோளைப் பிடித்து ஏற்றிவிட்டு, காதோரம் குனிந்து ஏதோ சொன்னார். சந்தியாகு திரும்பி அவளைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று அவளால் சொல்ல முடியாது. லாரி கிளம்பியது. மேட்டில் நின்ற மொரிதா இடுப்பு வளைய லாரியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தான், புழுதி அடங்குகிறவரை.

அடுத்த வாரம் மணியம் தீ மிதித்தான். காலில் ஒரு கொப்புளம் இல்லை. ஊரே அவனைத் தொட்டுக் கும்பிட்டது. பட்டியலில் ஏறிய பேரை ஆத்தா அழித்துவிட்டாள், சுத்தமான விரதம் என்றார்கள். மணியமும் அதை நம்பினான். தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவனுக்கு மறந்தே போனது. அந்த வருசத்திலிருந்து வெள்ளி செவ்வாய் விரதம், மாசத்துக்கு இரண்டு கிருத்திகை, நெற்றி நிறைய திருநீறு. குழந்தைகளுக்குக் கிழங்கு பற்றாத நாளிலும் தன் பங்கைத் தள்ளிவிட்டு, “ஆத்தா பாத்துக்குவா,” என்று சொல்லுவான். அப்போதெல்லாம் பஞ்சாலை அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள்.

கிராணி சொன்னது என்ன என்கிற எண்ணம் மட்டும் அவளை விடவில்லை. தைரியமாகப் போ என்று சொல்லியிருக்கலாம். பீடி வேணுமா என்று கேட்டிருக்கலாம். அப்படியென்றால் அந்தப் பார்வை எதற்கு? கிழங்கு சீவும்போது, தண்ணீர் சுமக்கும்போது அந்தப் பார்வையைத் திருப்பித் திருப்பி எடுத்துப் பார்த்தாள். ஒருதரம் ராக்கம்மா, “பாவம், அந்த வேதக்கார அண்ணன் போனதுலேருந்து எம் புள்ளைங்களுக்குக் கெழங்கு கொறஞ்சு போச்சு,” என்றாள். இவளுக்கும் ஏதோ தெரிந்துதான் குத்துகிறாளோ என்று பஞ்சாலை இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

ஜப்பான் தோற்ற செய்தி வந்தபோது மொரிதா பங்களாவைக் கூட்டித் துடைத்து, கட்டிலைப் பழையபடி விரித்து வைத்துவிட்டு, தகரப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு லாபு ஸ்டேசனை நோக்கி நடந்தே போனான். ஜப்பான்காரனை எதிர்த்துக் காட்டில் ஒளிந்திருந்தவர்கள் இறங்கி வந்து கிராணியைத் தேடினார்கள். அவர் அதற்கு முந்தியே ஓடிவிட்டார்.

சயாமிலிருந்து ஆட்கள் ஒன்றிரண்டாக வரத் தொடங்கினார்கள். இருபத்துநாலு பேரில் மாசி மாசம் வரை மூன்று பேர் வந்திருந்தார்கள். சந்தியாகுவைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். காலராவில் போய்விட்டார் என்றான் ஒருவன். வேறு முகாமுக்கு மாற்றினார்கள் என்றான் இன்னொருவன்.

நாலாவதாக அவர் வந்தார்.

ஒரு மத்தியானம், புதிதாக வந்த ரேசன் அரிசியைப் பஞ்சாலை களைந்துகொண்டிருந்தாள். சுண்ணாம்பு வாடை அடிக்கிற அரிசி, ஆனாலும் அரிசி. வாசலில் நிழல் விழுந்தது. முடி கொட்டிய மண்டை, இடது காலில் முழங்காலுக்குக் கீழே சதை வழித்தெடுத்ததுபோல் பள்ளம். குரல் மட்டும் மாறவில்லை.

“என் அறையில யாரோ கெழங்கு அடுக்கி வச்சிருக்காங்களே,” என்றார்.

மணியம்தான் முதலில் எழுந்து ஓடிப் போய்க் கட்டிக்கொண்டான். “அண்ணே! அய்யோ, அண்ணே! அது நம்ம கெழங்குதாண்ணே, இப்பவே எடுத்துர்றேன். பாத்தியா புள்ள, எனக்கு மாரியாத்தா மாதிரி அண்ணனுக்கு அவரு மாதா. விரதம் இருக்கிற ஒடம்புண்ணே நம்ம ரெண்டு பேரு ஒடம்பும். சாவு கிட்ட வராது.” அவர் தோளைத் தட்டினான். “இருங்க, ராக்கம்மா வீட்லயெல்லாம் சொல்லிக் கூட்டியாறேன்.” துண்டை உதறிக்கொண்டு லயத்தோடு ஓடினான்.

சந்தியாகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பஞ்சாலை சோறு பொங்கி இறக்கி, கருவாட்டுக் குழம்பு ஊற்றித் தட்டை வைத்தாள். அவர் சிலுவை போட்டுக்கொள்ளவில்லை. அப்படியே அள்ளித் தின்றார். மாசி கடைசி, தவசு காலம் தொடங்கிவிட்டிருக்கும் என்று அவளுக்கு நினைப்பு வந்தது.

“ஒருசந்தி இல்லியாண்ணே இப்ப?”

“அங்க வெள்ளிக்கெழமயும் தெரியாது, ஞாயித்துக்கெழமயும் தெரியாது. செத்தவன் கையில இருந்த உருண்டையப் பிடுங்கித் தின்னுருக்கேன். அவன் செத்துட்டானான்னுகூட நல்லாப் பாக்கல.” இன்னொரு கவளம் உருட்டினார். “அதுக்கப்புறம் என்னா நோன்பு.”

அவள் தட்டையே பார்த்துக்கொண்டு கேட்டாள். மூன்று வருசம் ஊறிய கேள்வி. “லாரியில ஏறுறப்ப கிராணி ஒங்ககிட்ட என்னா சொன்னாரு?”

“கோழி நல்லாருந்துச்சின்னாரு. பஞ்சாலை கைப்பக்குவம் யாருக்கும் வராது, கோவிச்சுக்காத சந்தியாகுன்னாரு.” சாதாரணமாகத்தான் சொன்னார். “வெறகு பொறுக்கிக் குடுத்தது நான்தானேன்னு நெனச்சேன்.”

“நான் ஒங்க பேரச் சொல்லலண்ணே.”

“பின்ன என்னா சொன்னே?”

“யாரு இருக்கான்னு கேட்டாரு.” குரல் உள்ளே போயிற்று. “யாருமில்லன்னேன்.”

“நெசந்தானே,” என்றார். “மொத மழ முடியுற வரைக்கும் ஒன்னயத் திட்டிக்கிட்டே தண்டவாளக் கட்ட தூக்குனேன். கூட வந்தவனுங்க பொண்டாட்டி புள்ளன்னு அழுவானுங்க. எனக்கு அழறதுக்கு ஆள் இல்ல. திட்டறதுக்கு நீ இருந்தே. அதுலதான் எந்திரிச்சு நடந்தேன்னு வச்சுக்கயேன்.” குழம்பை வழித்தார். “சிரம்பான்ல ரயில விட்டு எறங்கி எங்க போறதுன்னு நின்னேன். இந்தத் தோட்டத்துல போய்க் கோவப்படறதுக்கு ஒரு ஆளு இருக்குன்னு தோணுச்சு. வந்துட்டேன்.”

பஞ்சாலை முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். “அடிச்சுக்கூடப் போடுங்கண்ணே.”

“சோறு இருந்தா போடு.”

போட்டாள். அதையும் தின்றார். லயத்துப் பக்கமிருந்து பேச்சுச் சத்தம் நெருங்கியது. மணியத்தின் குரல்தான் உயரக் கேட்டது. யாருக்கோ தீமிதிக் கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தான்.

சந்தியாகு அந்தப் பக்கம் காதைக் கொடுத்தார். “அவனுக்குத் தெரியாதா?”

“தெரியாது.”

“நான் சொல்ல மாட்டேன்,” என்றார். மன்னித்துவிட்டவர் குரலாக அது இல்லை. “எனக்கு அந்த வேல இல்ல.”

மணியம் உள்ளே வந்தான். பின்னால் ராக்கம்மாவும் அவள் புருசனும் பிள்ளைகளும் நாலைந்து பேரும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். “பாருங்க, பாருங்க,” என்றான் மணியம். “பதினேழாம் நம்பரு நான். ஆத்தா எம் பேர அழிச்சா. அண்ணன அவரு சாமி கொண்டாந்து விட்ருச்சு. இதவிட வேற என்னா சாட்சி வேணும்?”

பஞ்சாலை சோற்றுக் கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

“ஆத்தா அழிக்கலீங்க,” என்றாள். “ஒக்காருங்க. எல்லாரும் ஒக்காருங்க. நான் சொல்றேன்.”

சந்தியாகு நிமிர்ந்து பார்க்கவில்லை. தட்டை மட்டும் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார்.